ஒரு மெகாபைட் திண்ணை

ஆர்பி06 டிஸ்க் டிரைவ் ஓடும் சத்தத்தை யாராவது டேப்பில் பிடித்து வைத்திருக்கிறீர்களா? ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைப்பதெல்லாம் ஏதோ ஒரு காட்சிக்கூடத்தில் ஒற்றை டிரைவைச் சும்மா சுழலவிட்டு எடுத்த ஒலி. அதில் விசிறி இரைவது மட்டும்தான் கேட்கிறது. எனக்கு வேண்டியது வேறு. இருபது முப்பது பேர் ஒரே சமயத்தில் வேலை பார்க்கும்போது, இடுப்பளவு உயரமுள்ள அந்தப் பெட்டிக்குள் தலைகள் தட்டின் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு ஓடி, ஓடிய வேகத்தில் திரும்பி, மறுபடி ஓடும் அந்தத் தடதடப்பு. தரையே லேசாக அதிரும். முப்பது விநாடிக்கு ஒரு முறை, யார் என்ன செய்துகொண்டிருந்தாலும் சரி, நினைவகத்தில் தேங்கியதை எல்லாம் யூனிக்ஸ் டிஸ்க்குக்குத் தள்ளும். அப்போது ஒரு பெரிய தடதட. பிறகு கொஞ்சம் ஓய்வு. அந்த ஓய்வும் வேண்டும் எனக்கு.

அதே அறையில் சத்தமே போடாத ஒரு பெட்டியும் இருந்தது. அதையும் தேடுகிறேன். சத்தம் போடாததை எப்படித் தேடுவது என்றுதான் தெரியவில்லை.

1980களின் தொடக்கம். மாசசூசெட்ஸில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம். ஒரு பிடிபி-11/70 கணினி, இரண்டு ஆர்பி06, ஒரு டேப் டிரைவ், பக்கத்து ஹாலில் வரிசையாக விடி52, விடி100 டெர்மினல்கள். இயந்திரத்தைச் செய்த டிஜிட்டல் கம்பெனியின் தலைமையகம் அதே மாநிலத்தில், மேனார்ட் என்ற சிற்றூரின் பழைய கம்பளி ஆலைக் கட்டடத்தில் இருந்தது. படிக்கப் போன எங்களுக்கு இயந்திர அறையில் இரவு நேரம்தான் கிடைக்கும். வெளியே பனி கொட்டும். உள்ளே இயந்திரத்துக்காக ஓடும் குளிர்பதனம். இரண்டு குளிருக்கும் நடுவில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து வேலை செய்தோம்.

அந்தச் சத்தத்துக்கும் அந்த மௌனத்துக்கும் காரணம் ஒன்றுதான்: டெம்ப் ஃபைல், அதாவது புரோகிராம்கள் வேலையின் நடுவே எழுதி வைக்கும் தற்காலிக ஃபைல். அதைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுத என்ன இருக்கிறது என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். சொல்கிறேன். பிடிபி-11 பதினாறு பிட் இயந்திரம். ஒரு புரோகிராமின் கைக்கு எட்டுவது 64 கிலோபைட். 11/70இல் கட்டளைகளுக்கு ஒரு 64, தரவுக்கு ஒரு 64 என்று பிரித்துத் தந்தார்கள். அதற்கு மேல் கிடையாது. இயந்திரத்தில் 4 மெகாபைட் வரை நினைவகம் பூட்டலாம், ஆனால் எந்த ஒரு புரோகிராமும் தன் எல்லையைத் தாண்டி அதை நேரடியாகத் தொட முடியாது. அதனால் சி கம்பைலரால் ஒரே மூச்சில் வேலையை முடிக்க முடியாது. முதல் கட்டம் மூலத்தைப் படித்து அரைகுறை வடிவம் ஒன்றை டெம்ப் ஃபைலில் எழுதிவிட்டுப் போய்விடும். இரண்டாம் கட்டம் வந்து அதை எடுத்து அசெம்பிளி எழுதும். அசெம்ப்ளர் தன் பங்குக்குச் சில ஃபைல்களைத் திறக்கும். அப்புறம் லிங்கர். எடிட்டருக்கும் அதே கதி: நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் பக்கங்கள் நினைவகத்தில் இருப்பதில்லை, டெம்ப்பில் இருக்கும். பெரிய பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னால் ஸார்ட் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனி ஃபைலாக வைத்துவிட்டுப் பிறகு ஒன்றாகக் கோக்கும்.

பெயரைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடலாம். சிடிஎம் என்று தொடங்கினால் கம்பைலர். ஏடிஎம் என்றால் அசெம்ப்ளர். எஸ்டிஎம் என்றால் யாரோ ஸார்ட் போட்டிருக்கிறார்கள். வெறும் இ போட்டு ஐந்து இலக்கம் வந்தால் எடிட்டர். எத்தனையோ ஊர்ப் பெயர்களை மறந்துவிட்டேன். இந்த மூன்று எழுத்துப் பெயர்கள் போகவில்லை.

இவை எல்லாம் ஆர்பி06இல் கிடந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்தத் தடதடப்பு சொல்லும். நிமிஷத்துக்கு 3600 சுற்று சுற்றும் தட்டுக் கட்டு, 176 மெகாபைட், தலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய்ச் சேரச் சராசரியாக 28 மில்லிசெகண்ட். ஒருவருடைய மூல ஃபைல் ஒரு பக்கம், டெம்ப் இன்னொரு பக்கம். கம்பைலர் இங்கே ஒரு கவளம் படிக்கும், அங்கே ஒரு கவளம் எழுதும். பத்துப் பேர் சேர்ந்தால் தலைகளுக்கு நிற்க நேரமிருக்காது. ஒரு நடுத்தர அளவுப் புரோகிராமைக் கம்பைல் செய்யக் கொடுத்துவிட்டு எழுந்து போய் காபி குடித்து வரலாம். குடித்தோம்.

இந்தத் தொல்லை தெரிந்துதான் முன்னோர்கள் நிலைத்தலை டிஸ்க் என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடத்துக்கும் தனித் தலை, எதுவும் நகராது, தட்டு சுற்றி வந்து சேரும் வரைதான் காத்திருப்பு. யூனிக்ஸை உருவாக்கிய ரிட்சியும் தாம்ப்சனும் 1974இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவர்களுடைய பிடிபி-11/45இல் 1 மெகாபைட் நிலைத்தலை டிஸ்க் இருந்ததாகச் சொல்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் ஆய்வகத்திலும் ஒன்று உயிரோடு இருந்தது. ஆர்எஸ்04. அதுவும் 1 மெகாபைட்தான். சராசரியாக எட்டரை மில்லிசெகண்டில் கேட்டது கிடைக்கும். ஆர்பி06 தடதடத்தால் ஆர்எஸ்04 ஒரே சுருதியில் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சுருதி கொஞ்சம் இறங்கினால் மோட்டாருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இறங்கிக்கொண்டே வந்தது.

அதன் இடத்துக்கு வந்ததுதான் எம்எல்11.

இரும்புச் சட்டத்தில் திருகி வைத்த ஒரு பெட்டி. ஆர்பி06 மாட்டியிருந்த அதே மாஸ்பஸ் கேபிளில் இதையும் மாட்ட வேண்டும். இயந்திரத்தின் கண்ணுக்கு இதுவும் ஒரு டிஸ்க். திறந்து பார்த்தால் தட்டும் இல்லை, தலையும் இல்லை, மோட்டாரும் இல்லை. நினைவகப் போர்டுகள். ஒவ்வொன்றிலும் பதினாறு கிலோபிட் சிப்புகள் வரிசை வரிசையாக, கால் மெகாபைட். எங்களுக்கு வாய்த்தது நான்கு போர்டு. மொத்தம் ஒரு மெகாபைட். பொருத்த வந்த சர்வீஸ் எஞ்சினியர் ஒரு போர்டை உருவி என் கையில் கொடுத்தார். கையில் கனம் இருந்தது. கறுப்புச் சிப்புகளின் முதுகில் அச்சிட்ட எண்கள், ஒரு விளிம்பு முழுக்கப் பொன் பூசிய விரல்கள். என் பெயரில் ஓடப்போகும் எத்தனையோ கம்பைலின் பாதி வேலை இதற்குள் நடக்கப்போகிறது என்று நினைத்தபோது ஒரு கூச்சம் வந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று மாலை முதல் கம்பைலைக் கொடுத்ததும் ஆர்பி06 ஒரு முறை உறுமியது. மூல ஃபைலைப் படித்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ கெட்டுவிட்டது என்று எழுந்து நின்றோம். திரையில் பிராம்ப்ட் வந்து காத்திருந்தது.

அந்த அறைக்குள் நான் திரும்பிப் போவதாக இருந்தால் எதற்காகப் போவேன் என்று அடிக்கடி யோசிக்கிறேன். வேகத்துக்காக அல்ல. இப்போது என் மேஜையில் இருக்கிற மடிக்கணினி அந்த எம்எல்11ஐ விட எத்தனையோ மடங்கு வேகம். விசையிலிருந்து விரலை எடுக்கும் முன் கம்பைல் முடிந்துவிடுகிறது. ஒரு டெராபைட் வைத்திருக்கிறேன். எதற்கென்று கேட்டால் பதில் இல்லை. திரும்பிப் போனால் காலை ஏழு மணிக்குப் போவேன், கன்சோல் பக்கத்தில் நிற்க.

எம்எல்11க்குக் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அதனால் இயந்திரத்தை எழுப்பும் ஒவ்வொரு முறையும் அதில் புதிதாக ஃபைல் சிஸ்டம் கட்ட வேண்டும். எங்கள் ஆபரேட்டர் அம்மாள் அதற்கான வரிகளைத் தொடக்கப் பட்டியலில் எழுதிச் சேர்த்திருந்தார். எம்கேஎஃப்எஸ், 2048 பிளாக். பிறகு மவுன்ட். பிறகு எல்லாரும் எழுதலாம் என்று அனுமதி. கன்சோலாக இருந்த எல்ஏ36 டெக்ரைட்டர் பச்சைக் கோடு போட்ட அகலத் தாளில் விநாடிக்கு முப்பது எழுத்தாகத் தட்டும். ஐசைஸ் இவ்வளவு என்று ஒரு வரி. அதன் கீழே எம்/என் = 3 500 என்று ஒரு வரி.

அந்த இரண்டாவது வரியை நான் ஒவ்வொரு முறையும் நின்று படிப்பேன். காலி பிளாக்குகளை ஒன்றையடுத்து ஒன்று அடுக்காமல் மூன்று மூன்றாகத் தாண்டி அடுக்கு என்பது அதன் பொருள். தட்டு சுழன்றுகொண்டிருக்கிறது, ஒரு பிளாக்கைப் படித்து இயந்திரம் சுதாரிப்பதற்குள் அடுத்தது தலையைக் கடந்து போய்விடும், ஆகவே கொஞ்சம் இடைவெளி விட்டு வை. யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தில் யாரோ சுழலும் தட்டுக்காக அக்கறையோடு யோசித்து எழுதிய எண். எம்எல்11இல் சுழல எதுவும் இல்லை. எந்த பிளாக்கைக் கேட்டாலும் ஒரே நேரம்தான். ஆனாலும் தினமும் காலையில் எம்கேஎஃப்எஸ், இல்லாத ஒரு தட்டுக்காக, நின்று நிதானித்து, மூன்று மூன்றாக இடம் விட்டு அடுக்கிக் கொடுக்கும். அந்த எண்ணை மாற்றலாமே என்று நான் ஒரு நாள் கேட்டேன். “இருக்கட்டும் தம்பி, அதனால் யாருக்கும் கஷ்டமில்லை” என்கிற தொனியில் அம்மாள் தன் மொழியில் ஏதோ சொன்னார். மாற்றவில்லை.

அவர் குரலைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துத்தான் வர முடிகிறது.

மேய்ன் மாநிலத்தின் வடகோடியில் உருளைக்கிழங்கு விளைவிக்கும் குடும்பம். அறுபதை நெருங்கும் வயது. கம்பளி ஸ்வெட்டர், கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. சிகரெட் கரகரத்த தொண்டை. வட்டார உச்சரிப்பில் ரகரங்கள் பாதி காணாமல் போயிருக்கும். முதல் மாதங்களில் அவர் சொல்வதில் பாதி எனக்குப் புரியாது. நான் சொல்வதில் பாதி அவருக்கு. இரண்டு பேருக்கும் புரிந்த சொல் ஒன்று இருந்தது: டெம்ப்.

ஒரு மெகாபைட் எந்நேரமும் நிறைந்துவிடும். இரவு ஒன்பது மணிக்கு மேல் யாராவது பெரிய ஸார்ட் போட்டால் போதும். இடம் தீர்ந்ததும் கெர்னல் கன்சோலில் ஒரு வரி அடிக்கும்: நோ ஸ்பேஸ் ஆன் டெவ், பிறகு இரண்டு எண். அந்த வரியை அடித்து முடிக்கும் வரை கெர்னல் வேறு வேலை எதையும் பார்க்காது. எல்ஏ36இன் வேகத்தில் அரை விநாடிக்கும் மேல் ஆகும். அவ்வளவு நேரமும் ஹாலில் இருக்கிற அத்தனை டெர்மினலும் ஒன்றாக நிற்கும். அடித்துக்கொண்டிருந்த எழுத்து திரையில் வராது. எல்லாரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்குவோம். எதிரில் இருப்பவர் கண்ணும் நம் கண்ணும் பட்டுக்கொள்ளும். உடனே இயந்திர அறைக் கதவு திறக்கும். அந்தக் கரகரத்த குரல் வரும்: டெம்ப் நிறைந்துவிட்டது, பிள்ளைகளா, இது யாருடையது?

பெயர் சொல்லித் திட்ட மாட்டார். யாருடையது என்று பட்டியலைப் பார்த்தே அவருக்குத் தெரியும்; அருகே பெயர் இருக்கும். கேட்பார். எஸ்டிஎம் என்று தொடங்கும் பதினாறு ஃபைல் கிடக்கிறதே, உயிரோடு இருக்கிறதா, செத்துப்போனதா? உயிரோடு என்றால் ஸார்ட் இன்னும் ஓடுகிறது, காத்திருப்போம். செத்தது என்றால் யாரோ வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். ஃபைல் அனாதையாகக் கிடக்கிறது. சொந்தக்காரர் கை தூக்கி அழிக்கலாம் என்றால்தான் அழிப்பார். ஆள் இல்லையென்றால் விடுதிக்குப் போன் போட்டு எழுப்பிக் கேட்டதும் உண்டு. எழுப்பப்பட்டவன் தூக்கக் கலக்கத்தில் மன்னிப்புக் கேட்பான். அவர் “அதனால் என்ன, தூங்கு” என்பார். பிறகு ஹாலைப் பார்த்து, சரி, இப்போது போடுங்கள்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு முன்னால் திண்ணை இருக்கும். வழியில் போகிறவர் உட்காரலாம், மூட்டையை இறக்கி வைக்கலாம், ஒரு இரவு படுக்கவும் செய்யலாம். யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லாருக்கும் அதில் ஒரு மரியாதை. நெரிசல் என்றால் நகர்ந்து இடம் விடுவோம். அந்த ஒரு மெகாபைட்டை நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். வீட்டுக்குள் அவரவர் ஃபைலுக்கு அவரவர் பூட்டு. டெம்ப்பில் மட்டும் பூகம்பவியல்காரரின் அலைவரிசையும், வேதியியல்காரரின் மூலக்கூறும், என் கத்துக்குட்டிக் கம்பைலரின் அரைகுறைப் பக்கங்களும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தே தெரியும். மூன்று நாளாக ஒருவர் பெயர் காணோமென்றால் காய்ச்சலா என்று விசாரிப்போம்.

இப்படி ஒரு இடம் உங்களுக்கும் இருந்திருக்கும். இயந்திரமாக இருக்க வேண்டியதில்லை. பொதுவாக இருந்து, பற்றாமல் இருந்து, அதனாலேயே ஒருவரையொருவர் தெரியவைத்த இடம். அது விரிந்து தாராளமானபோது நாம் சந்தோஷப்பட்டோம். பிறகுதான்.

மின்சாரம் போன இரவுகளைச் சொல்ல வேண்டும். கோடையில் இடி மழை வரும். விளக்கு அணைந்ததும் முதலில் விசிறிகள் ஓயும். பிறகு ஆர்பி06களின் தலைகள் உள்ளுக்கிழுத்துக்கொள்ளும் ஒரு டக். பிறகு கனத்த தட்டுகள் மெல்ல, மெல்ல, சுருதி இறங்கி, இன்னும் கொஞ்ச நேரம் சுற்றி, நின்றுவிடும். 11/70இன் முகப்பில் ஓயாமல் ஓடிய சிவப்பு விளக்குகள் கறுத்துப்போகும். எம்எல்11இலிருந்து எந்தச் சத்தமும் வராது. ஆனால் இழந்தது அதுதான். ஆர்பி06இன் தட்டுகளில் எழுதியது எழுதியபடி இருக்கும். அந்த ஒரு மெகாபைட்டில் இருந்த அத்தனையும், இருபது பேரின் பாதி வேலையும், போயிருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம். விஐ எடிட்டர் திருத்துகிற பக்கங்களை டெம்ப்பில்தான் வைக்கும். இயந்திரம் விழுந்து எழுந்தால் அந்த ஃபைல்களைத் தேடியெடுத்து மீட்டுக் கொடுக்க ஒரு புரோகிராம் உண்டு. டெம்ப் சுழலும் தட்டில் இருந்த காலத்தில் அது பலரைக் காப்பாற்றியது. எம்எல்11 வந்ததும் மீட்க எதுவும் மிஞ்சாது. அதனால் அம்மாள் எல்லாருடைய அமைப்பிலும் ஒரு வரி போட்டுக் கொடுத்தார்: எடிட்டரின் தற்காலிகப் பக்கங்கள் மட்டும் சுழலும் தட்டுக்குப் போகட்டும். கம்பைலருடையது போனால் மறுபடி கம்பைல் செய்துகொள்ளலாம்; மனிதன் யோசித்து அடித்த வரி போனால் அது போனதுதான். இப்படிப் பிரித்து வைக்க யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. கணினி நூல்களில் இதைவிடக் கனிவான ஒரு வடிவமைப்பு முடிவை நான் படித்ததில்லை.

எங்களிடம் ஒரு மூத்த எஞ்சினியர் இருந்தார். காந்தக் கோர் காலத்து ஆள். சின்னச் சின்ன ஃபெரைட் வளையங்களைக் கம்பியில் கையால் கோத்துச் செய்த நினைவகம் அது. கரண்ட் போனாலும் மறக்காது. 1976இலேயே டேட்டாராம் என்ற நியூ ஜெர்சி கம்பெனி கோரைக் கொண்டே ‘பல்க் கோர்’ என்று 2 மெகாபைட் பெட்டி செய்து விற்றது. டிஜிட்டல், டேட்டா ஜெனரல் இயந்திரங்களில் நிலைத்தலை டிஸ்க்கின் இடத்தில் மாட்டுவதற்காக. மறக்காத பெட்டி இருக்கும்போது மறக்கிற பெட்டியை ஏன் வாங்கினோம் என்று அவர் அங்கலாய்ப்பார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் நான் எம்எல்11 பக்கம்தான். பாதியில் நின்றவை பாதியிலேயே கரைந்துபோக ஓரிடம் வேண்டும். கரண்ட் வந்து, தட்டுகள் சுருதி ஏறி, கன்சோல் மறுபடி எம்/என் = 3 500 என்று அடித்ததும் டெம்ப் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். நேற்றிரவு வராத விடையும், எழுத்துப்பிழையால் செத்த கம்பைலும், யாரோ மறந்துவிட்டுப்போன ஸார்ட்டும் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் புதிதாகத் தொடங்குவோம். இப்போது திருச்சியில் நான் இருக்கும் மாடி அறையில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போவதே தெரிவதில்லை. நான் கைவிட்ட ஒவ்வொரு வரைவும், ஒவ்வொரு முட்டாள்தனமான தொடக்கமும் எங்கோ ஒரு சர்வரில் பத்திரமாக இருக்கிறது. என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

பெட்டி எப்படிப் போனது என்பதில் சொல்ல அதிகமில்லை. முப்பத்திரண்டு பிட் வேக்ஸ் வந்தது. 64 கிலோபைட் சுவர் இடிந்தது. எம்எல்11ஐ வேக்ஸிலும் மாட்டலாம், பெர்க்லி யூனிக்ஸான 4.2பிஎஸ்டியின் டிரைவரில் அதன் பெயர் இருக்கிறது. ஆனால் முக்கிய நினைவகமே மலிந்துகொண்டு வந்தபோது டெம்ப்புக்கென்று தனிப்பெட்டி எதற்கு? 1980களின் பின்பாதியில் சன் கம்பெனி டெம்ப்எஃப்எஸ் என்று நினைவகத்துக்குள்ளேயே டெம்ப்பை வைத்தது. பெர்க்லிக்காரர்களும் தங்கள் வழியில் அதையே செய்தார்கள். இன்று உங்கள் லினக்ஸில் இருப்பது அந்த வம்சம். மாஸ்பஸ் போயிற்று. 1998இல் டிஜிட்டலையே காம்பேக் வாங்கிவிட்டது. எங்கள் பெட்டி எந்தப் பழைய இரும்புக் கிடங்குக்குப் போனதோ. போர்டு விரல்களில் பூசிய பொன்னுக்காக உருக்கியிருப்பார்கள்.

அம்மாள் ஓய்வு பெற்று மேய்னுக்கே திரும்பினார். கொஞ்ச காலம் கிறிஸ்துமஸுக்கு அட்டை வரும். உள்ளே உருளைக்கிழங்கு அறுவடையைப் பற்றி இரண்டு வரி. பிறகு ஒரு வருடம் வரவில்லை.

சியாட்டிலில் லிவிங் கம்ப்யூட்டர்ஸ் என்று ஒரு மியூசியம் இருந்தது. நிஜ 11/70 ஒன்றில் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பை ஓடவிட்டு, உலகத்தில் யார் வேண்டுமானாலும் வலை வழியாக உள்ளே வரலாம் என்று வைத்திருந்தார்கள். நானும் நுழைந்தேன். பிராம்ப்ட் வந்தபோது கண் கலங்கியது உண்மை. அந்த மியூசியமும் 2020இல் மூடியது. 2024இல் இனித் திறக்காது என்றார்கள், சேகரிப்பின் ஒரு பகுதி ஏலத்துக்குப் போனது. வீட்டிலேயே ஓட்ட சிம்ஹெச் எமுலேட்டர் இருக்கிறது; டிஜிட்டலில் உயர் பொறுப்பில் இருந்த பாப் சப்னிக் தொடங்கியது, நேர்த்தியான வேலை. அதில் ஆர்எஸ்04ஐ மாட்டினால் முழு டிஸ்க்கையும் நினைவகத்துக்குள் ஏற்றிக்கொண்டு அங்கேயே வைத்துக்கொள்கிறது. பழைய ரீங்காரத் தட்டே இப்போது நினைவகமாகிவிட்டது. 11/70இன் முகப்பைச் சின்னதாகச் செய்து உள்ளே ராஸ்பெர்ரி பை வைத்த கிட் ஒன்று விற்கிறது. மகள் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தாள். விளக்குகள் அப்படியே ஓடுகின்றன. ராத்திரி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதில் டெம்ப் நிறைவதே இல்லை. நிறைந்தாலும் கதவைத் திறந்து கேட்க ஆளில்லை.

நேற்றிரவு அதில் டெம்ப்பைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். சிடிஎம் இரண்டு, இ போட்ட ஐந்து இலக்கம் ஒன்று. நான் ஓடவிட்டவை. பெயர்கள் சரியாக இருந்தன. சொந்தக்காரர் பத்தியில் முதல் வரியில் என் பெயர், இரண்டாம் வரியில் என் பெயர், மூன்றாம் வரியிலும். அந்தப் பத்தியில் வேறு ஒருவர் பெயர் வர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. பெரிய ஸார்ட் போட்டு இடத்தை எல்லாம் அடைத்துக்கொண்டவராக இருந்தாலும் சரி.